சனிக்கிழமை ஆறு மணிக்கு என் சாவு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் செத்துப்போனேன். சும்மா சாகவில்லை, முறைப்படி போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டுத்தான் செத்தேன். மதுரையில் போஸ்டர் இல்லாமல் எவனும் காது குத்திக்கொள்ளவும் முடியாது, கல்யாணம் கட்டவும் முடியாது, கண்ணை மூடவும் முடியாது. எங்கள் நாடகமே அதைப் பற்றியதுதான்.

நாடகத்தின் பெயர் ‘போஸ்டரில் இடமில்லை’. எழுதியது நான். ஒருவன் இறந்துபோகிறான். அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும். அதில் யார் படம் மேலே, யார் படம் கீழே என்று சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவர் படமும் பெருத்துக்கொண்டே போய், கடைசியில் செத்தவன் படத்துக்கே இடமில்லாமல் போகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பிணம் எழுந்து, தன் மாலையைத் தானே சரிசெய்துகொண்டு, “நீங்க பேசி முடிங்க, நான் முன்னால போறேன்” என்று சொல்லிவிட்டுச் சுடுகாட்டுக்கு நடக்கிறது. அதோடு திரை.

பிணம் நான்தான். எழுதியவன் என்ற மரியாதையில் கிடைத்த வேடமில்லை அது. வேறு யாரும் படுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவன் தனக்கு ஜாதகத்தில் கண்டம் இருக்கிறது என்றான். இன்னொருவன் அம்மாவுக்குத் தெரிந்தால் கல்லூரியை விட்டே நிறுத்திவிடுவாள் என்றான். என் அம்மாவும் அப்படித்தான், ஆனால் நான் அவளிடம் “முக்கியமான வேஷம்” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

கதைக்காக நான் ரொம்பத் தூரம் அலையவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்ததுதான். நான் பள்ளியில் கடைசி வருடம் படித்தபோது, பேரையூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தங்கைக்குச் சடங்கு வைத்தோம். தெருமுனையில் பெரிய பேனர். ஏற்பாடு முழுக்க சித்தப்பா. மேல்வரிசையில் அப்பா, சித்தப்பாக்கள், சித்தப்பாவின் நண்பர்கள், அந்த நண்பர்களில் ஒருவருடைய புது வண்டி. எல்லாவற்றுக்கும் கீழே, பேனர் அடித்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் என் தாய்மாமன்.

ஒரு சடங்கு வீட்டில் தாய்மாமன் யார் என்பதை நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் உட்கார ஓலைக் குச்சு கட்டுவது அவர், முதல் மாலை அவர், முதல் சீர் அவர். அவனியாபுரத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கும் மாமா, பட்டறைக்கு நாலு நாள் பூட்டுப் போட்டுவிட்டு, மேளம் வைத்து, தட்டுத் தட்டாகச் சீர் எடுத்து ஊர்வலமாக வந்தார். பேனருக்குக் கீழே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். சீரைப் பந்தலில் இறக்கினார், தங்கைக்கு மாலையைப் போட்டார், திரும்பி நடந்தார். கை நனைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சில்லை.

அம்மா அவரைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். ஆனால் பொங்கலுக்கு டிவியில் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு காட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். மாட்டை எங்கே பார்த்தாள், கூட்டத்தைத்தான் பார்ப்பாள். இது எனக்கு எரிச்சலாக வரும். ஒரு போட்டோவுக்காக இப்படியா என்று இரண்டு பக்கத்தின் மேலும் கோபம். நேரில் சொல்ல வாய் வராததால் நாடகமாக எழுதினேன். அம்மா வந்து பார்க்க வேண்டும், பார்த்துச் சிரிக்க வேண்டும், சிரித்தால் அந்த வீம்பு கொஞ்சம் இளகும் என்பது என் கணக்கு. மாமா வருவார் என்று நான் நினைக்கவே இல்லை.

நாடகத்தில் தாய்மாமனாக நடித்தவன் என் அறைத்தோழன் மாதிரி எப்போதும் விடுதியிலேயே கிடப்பவன், ஆனால் வீடு அவனியாபுரத்தில்தான். மாமாவின் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி. சின்ன வயதிலிருந்து அவரைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லை. வலது கையை இடுப்பில் ஊன்றி நிற்பது, பேசுவதற்கு முன் மைக் சோதிப்பதுபோல் தொண்டையைச் செருமுவது, எந்தப் பேச்சையும் “அம்புட்டுத்தேன்” என்று முடிப்பது, எல்லாம் அச்சு அசல். ஒத்திகையில் அவன் வாயைத் திறந்தாலே நான் சிரித்துவிடுவேன். நெற்றியில் ஒட்டிய காசு உருண்டு விழும். பிணமாகப் படுத்திருப்பவனின் வயிறு குலுங்குவதைப் பார்த்து மற்றவர்களும் சிரிக்க, ஒத்திகை அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் வாயில் வெண்ணெய் மணக்கிறது. கடைசி ஒத்திகை முடித்துக் கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் எல்லோரும் பன் பட்டர் ஜாம் தின்றோம். அழுகிற அம்மாவாக நடித்த முதலாமாண்டு மாணவி ஒப்பாரி பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தாள். டீக்கடைக்காரர் அவளுக்கு மிளகு தட்டிப்போட்டுப் பால் கொடுத்தார். காசைக் கையால் தள்ளிவிட்டு, “நாளைக்கி நல்லா அழு ஆத்தா” என்றார். மறுநாள் பரீட்சை இல்லை, திங்கள்கிழமை வரை வகுப்பில்லை. இருபது வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும்.

அப்போதுதான் தாய்மாமனாக நடித்த நண்பன் போஸ்டரைப் பற்றிப் பேச்செடுத்தான். அவன் அண்ணன் பிளக்ஸ் கடையில் வேலை பார்த்தான். நாடகத்துக்கு விளம்பரமாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரே அடித்துவிடலாம் என்பது நண்பனின் யோசனை. என் கல்லூரி அடையாள அட்டைப் படத்தை எடுத்துப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே சொட்டும் கண்ணீரோடு ஒரு கண். ‘சனிக்கிழமை மாலை ஆறு மணி, கல்லூரித் திறந்தவெளி அரங்கில், அனைவரும் வருக’ என்று நடுவில். கீழே துயரத்தில் வாடுவோர் பட்டியல்.

“யாரு பேர மாப்ள மொதல்ல போட?” என்று கேட்டான்.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை நான். தாய்மாமன் என்று போடச் சொன்னேன். அதுவும் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில். உண்மையான பேனரில் முடியாததைப் பொய்யான போஸ்டரிலாவது செய்து பார்க்க ஆசை. பெயர் வேண்டாம், உறவு மட்டும் போதும் என்றேன். அன்றிரவே ‘தாய்மாமன்’ என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் போஸ்டர் வந்தது. ‘நாடகம்’ என்ற சொல்லை நண்பன் போஸ்டரின் அடியில், கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் போட்டுவிட்டான். கேட்டதற்கு, அப்போதுதான் நாலு பேர் கிட்டே வந்து படிப்பார்கள் என்றான். சரிதான் என்று நானும் தலையாட்டினேன். கல்லூரிச் சுவரில் சிலவற்றை ஒட்டினோம். வீட்டுக்குப் போகும்போது அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவனியாபுரம் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டினான். தன் ஊரிலும் தன் நாடகம் தெரிய வேண்டும் என்ற ஆசைதான். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் எனக்கு மாலை வாங்க நானே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். ஈரச் சாக்குகளும் மல்லிகை வாசமும் ஏலம் போடுகிறவர்களின் கத்தலும் சேர்ந்து தலை கிறுகிறுத்தது. ஒரு கடைக்காரர் யாருக்கு மாலை, விசேஷத்துக்கா மற்றதுக்கா என்று கேட்டார். மற்றதுக்கு என்றேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, உறவா என்றார். ரொம்ப நெருக்கம் என்றேன். கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பூக்கூடைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். திரும்பும் வழியில் வெயிலுக்கு ஆளுக்கொரு ஜிகர்தண்டா. என் சாவு மாலையை மடியில் வைத்துக்கொண்டு, கடற்பாசியைக் கரண்டியால் தேடித் தேடித் தின்றேன்.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் தங்கையும் பேரையூரிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். மகன் மேடையேறுவதற்கு அவள் வைத்த மரியாதை அது. அப்பாவின் போன் வழக்கம்போலச் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. முன்வரிசையில் இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டு, என் போனையும் அணைத்துப் பையில் போட்டுவிட்டு நான் சாகப் போனேன்.

நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். நாடியைச் சேர்த்துத் தலையோடு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது, நெற்றியில் காசு. முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. “அடப்பாவி, இதான் முக்கியமான வேஷமா?” கூட்டம் சிரித்தது. அப்பா அவளை அடக்குவதும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பவனுக்குக் காது எவ்வளவு கூர்மையாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒப்பாரி தொடங்கியது. கட்டியிருந்த தொண்டையே அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தது, நிஜமாகவே நாள்முழுக்க அழுதவள் குரல்போல் இருந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அரங்கத்தின் பின்பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் பிடித்துக்கொண்டது.

“மாப்ள, என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடா.”

இது நான் எழுதிய வசனம் இல்லை. யாரோ அதிகப்பிரசங்கி என்று நினைத்தேன். அந்தக் குரல் நடுவழியில் அழுதுகொண்டே நெருங்கி வந்தது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள், கூட்டத்திலிருந்து நடிகர் வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் இமையை நூல் அளவு திறந்தேன். தோளில் ரோஜா மாலை, கையில் மஞ்சள் தடவிய புது வேட்டி, பட்டறைக் கரி போகாத சட்டை. என் மாமா. பின்னால் மூச்சிரைக்க அத்தை.

நடந்தது இதுதான். பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவர் பேருந்து நிறுத்தத்தில் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அடியில் இருந்த எழுத்து தெரியவில்லை. என் முகம் தெரிந்திருக்கிறது, தாய்மாமன் என்பது தெரிந்திருக்கிறது, ஆறு மணி, கல்லூரி அரங்கம் என்பதும் தெரிந்திருக்கிறது. என்னை அங்கேதான் கிடத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அத்தை சொல்லி அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார், அணைந்திருந்தது. எனக்குப் போட்டிருக்கிறார், அதுவும் அணைந்திருந்தது. அதற்குமேல் யாரிடம் கேட்பது. செத்தவனுக்குத் தாய்மாமன் போட வேண்டிய கோடித் துணியையும் மாலையையும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

எனக்கு எழுந்து உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. கட்டைவிரல்கள் கட்டியிருந்ததால் சட்டென்று முடியவில்லை. அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணே, சாகலண்ணே. நடிக்கிறான்.”

இரண்டரை வருடங்களுக்குப் பிறகு அம்மா தன் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அரங்கம் அதிர்ந்தது. இந்த இடம் ரொம்பப் பிரமாதம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. மாமா என்னையே பார்த்தார். நான் பிணமாக இருந்துகொண்டே, என்னால் முடிந்ததைச் செய்தேன். ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துச் சிமிட்டினேன். அவர் அப்படியே காலியாகக் கிடந்த நாற்காலியில், அம்மா பக்கத்தில், மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்ததும் அந்த முகத்தில் வந்த ஆறுதல் இருக்கிறதே, அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை சாகலாம்.

என் நிம்மதி அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. அடுத்த காட்சி தாய்மாமன் வருவது.

மேடைக்குப் பின்னால் நண்பன் உண்மையான ஆளைப் பார்த்துவிட்டானா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் காய்ச்சல் வந்து படுத்திருப்பான். மேளம் கொட்ட, துண்டை உதறிக்கொண்டு அவன் நுழைந்தான். வலது கை இடுப்பில். தொண்டைச் செருமல். கூட்டம் அந்தச் செருமலுக்கே சிரித்தது. மாமா சிரித்தாரா என்று பார்க்க எனக்கு வழியில்லை, நண்பன் நடுவில் நின்று மறைத்துக்கொண்டிருந்தான். அத்தையின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. கேட்ட வேகத்தில் நின்றும் போனது.

அழுதுகொண்டு ஓடிவந்த மனிதரை உட்காரவைத்து, அவர் முகத்துக்கு எதிரிலேயே கேலி செய்துகொண்டிருக்கிறோம். அன்றைக்காவது தபால்தலை அளவுப் படம், சித்தப்பாவின் வேலை. இது மருமகனே எழுதியது. இப்போது எழுந்து போனால் இனி ஜென்மத்துக்கும் வர மாட்டார். அம்மாவுக்குக் கிடைத்த அந்த ஒரு வாக்கியத்தோடு எல்லாம் முடிந்துவிடும். நாடகத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தலாமா என்று நினைத்தேன். நாடியில் கட்டு.

மேடையில் போஸ்டர் சண்டை முற்றியது. என் படம் எவ்வளவு, உன் படம் எவ்வளவு என்று அளவுநாடா வைத்து அளந்தார்கள். சிரிப்புக்கு மேல் சிரிப்பு. கடைசியில் தாய்மாமன் படம் பிளக்ஸ் கடை நம்பருக்குப் பக்கத்தில் வந்து நிற்க, நண்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னான்.

“எம் போட்டோவுக்கு எடமில்லாத வீட்டுல எனக்கென்ன சோறு. நான் போறேன். அம்புட்டுத்தேன்.”

சொல்லிவிட்டு அவன் படியிறங்கப் போனான். எதிரே படியில் மாமா ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். இருவருக்கும் வலது கை இடுப்பில். கூட்டம் விசிலடித்தது. நண்பனின் கை மட்டும் மெதுவாக இடுப்பிலிருந்து இறங்கியது.

மாமா தொண்டையைச் செருமினார். கோபமாகப் பேசவில்லை. வழி சொல்கிறவர்போல் நிதானமாகச் சொன்னார்.

“போனேன்னு சொல்றியே தம்பி, எம்புட்டுத் தூரம் போனேன்னு சொல்லலையே. தெருமுக்கு வரைக்குந்தேன் போனேன். அங்கன நின்னேன். ஒருத்தராச்சும் வந்து, வாங்க சாப்பிடன்னு கூப்பிட்டா திரும்பிருவோம்னு நின்னேன். பந்தி முடிஞ்சு பாத்திரம் வெளக்குற சத்தம் கேக்குற வரைக்கும் நின்னேன். யாரும் வரல. அம்புட்டுத்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய அரங்கில் விசிறி சுற்றுவதுகூடக் கேட்டிருக்கும், விசிறி இருந்திருந்தால். இரண்டரை வருடமாக இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் கோபித்துக்கொண்டு போனார் என்றுதான் தெரியும். போட்டோவுக்காகப் போனார் என்று நானும் நம்பி, அதை வைத்து ஒரு நாடகமே எழுதிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே நின்று காத்திருந்தார் என்பது தெரிந்திருந்தால் நானே ஓடிப்போய்க் கூப்பிட்டிருப்பேனே.

அப்போது எனக்கு வசனமும் ஞாபகமில்லை, சுடுகாடும் ஞாபகமில்லை. பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தேன். காசு விழுந்து உருண்டது. கட்டைவிரல் கட்டோடு தவளைபோல் இரண்டு எட்டுத் தாவிப் போய் அவர் கையைப் பிடித்தேன்.

“வாங்க மாமா, சாப்பிட.”

நாடிக்கட்டு இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. என் தலையிலிருந்த கட்டை அவரே அவிழ்த்தார். முன்வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரோ சமயோசிதமாகத் திரையை இழுத்தார்கள். கைதட்டல் ஓயவே இல்லை. நாடகம் பார்க்க வந்திருந்த பேராசிரியர் ஒருவர் அந்தத் தாய்மாமன் எந்தத் துறை மாணவர், ஒப்பனை அபாரம் என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

திரைக்குப் பின்னால் பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. அப்பா வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரன் நான்தான் வந்து கூப்பிட்டிருக்க வேண்டும் என்றார். சடங்கு நடந்த அன்று மாலை வரை அம்மா அவருக்காக ஓர் இலை போட்டு மூடி வைத்திருந்ததை அப்பாவே சொன்னார். அதைக் கேட்டதும் மாமா, “கிறுக்கி” என்றார், அம்மாவைப் பார்த்து. எங்கள் பக்கம் இதைவிடப் பெரிய சமாதான வார்த்தை கிடையாது.

அத்தைதான் நிலைமையை லேசாக்கினாள். “பொணத்தப் பாத்தா வந்தாக? போஸ்டர்ல மொத ஆளா தன்னையப் போட்டிருந்ததப் பாத்துல்ல வந்தாக” என்றாள். மாமா மறுக்கவில்லை. எழுத்து நல்ல பெரிய எழுத்து என்று மட்டும் சொன்னார். அவர் நண்பனின் பக்கம் திரும்பியபோது அவன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். மாமா அவனைப் பிடித்து இழுத்து, தான் அப்படியா செருமுகிறேன் என்று கேட்டார். கேட்பதற்கு முன் செருமினார்.

பிறகு ஒரு பிரச்சினை. சாவுக்கு வாங்கிய மாலையையும் கோடியையும் என்ன செய்வது? வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, கோயிலுக்குக் கொடுக்கக் கூடாது, கடையில் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. உயிரோடு இருக்கிற என் கழுத்தில் போட அம்மா விடுவாளா. கடைசியில் வேட்டியை நாடகக் குழுவின் பெட்டியில் வைத்துக்கொண்டோம். மாலையை, அவ்வளவு நேரம் என்னைச் சுமந்து பொறுமையாக நின்ற பெஞ்சுக்குப் போட்டோம். ரோஜா மாலையோடு அந்தப் பெஞ்சு மாப்பிள்ளைபோல் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரத்தில் மாமா வீட்டில் கறிச்சோறு. நாடகக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வரச் சொல்லி உத்தரவு. ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து போனோம். வாசலிலேயே அம்மா என்னை நிறுத்திவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை, கண் பட்டது அவ்வளவு என்று அத்தை கன்னத்தில் கைவைத்தாள். எனக்கென்னவோ மிளகாய் நமத்துப்போனது மாதிரி இருந்தது, சொல்லவில்லை.

பட்டறைக்கு முன்னால் பாய் விரித்துப் பந்தி. கொழுப்பு மிதக்கும் குழம்பு, மிளகு தூக்கலாகச் சுக்கா, எலும்புக்குத் தனியாகச் சண்டை. மாமா உட்கார மாட்டேன், பரிமாறுகிறேன் என்றார். அப்பா அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினார். அவரை உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து கைகழுவ ஊற்றினார். மாப்பிள்ளை மச்சானுக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அம்மா இலை போட்டாள். கேட்காமலேயே ஈரல் வைத்தாள், கேட்காமலேயே இன்னொரு கரண்டி. மாமா தலை நிமிராமல் தின்றார். எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் நான் மூன்று முறை வாங்கித் தின்றேன்.

சாப்பிட்டு முடித்து நாலு மணிவாக்கில் விடுதிக்குக் கிளம்பினோம். திங்கள்கிழமை பற்றிய நினைப்பு மெல்ல வந்து தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அம்மாவும் அப்பாவும் இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டு வருவதாக முடிவாகியிருந்தது. மாமாவிடம், வாரேன் மாமா என்று சொன்னேன். ஏதோ கிரில் கம்பியை நிமிர்த்திக்கொண்டே, சரி மாப்ள என்றார். மற்றவர்கள் பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் நடந்தார்கள். நான் தெருமுக்கு வரை போனேன்.

அங்கே எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. குறும்பு என்றுதான் தொடங்கினேன். அங்கேயே நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் யாரோ ஒருவரின் காதணி விழா போஸ்டர், அதில் ஏகப்பட்ட முகங்கள். அதைப் பார்த்தபடி நின்றேன். ஒரு சோற்றுக்கு அழைப்பை எதிர்பார்த்து இப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே முதுகு கூசியது, காது பின்பக்கமாகவே போனது. கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று நிஜமாகவே ஒரு பயம் வந்துவிட்டது.

பின்னால் இரும்புக் கம்பி தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு செருமல், தெருவுக்கே கேட்கும்படி.

“மாப்ள, அங்கன என்னடா நிக்கிற? வா, காப்பி குடிச்சிட்டுப் போ.”